மறுப்பின் வினைச்சொற்கள்: 'ரிஃபியூஸ்' முதல் 'நோட்டா' வரை

போட்டித் தேர்வுகளுக்கான ஆங்கிலச் சொல்வளக் கையேடுகளில், அவை எந்தப் பதிப்பகத்தினுடையவையாயினும், தவறாது இடம்பெறும் ஒரு வரி உண்டு. 'ரிஃபியூஸ்' என்னும் வினைக்கு நேரே ரிஜெக்ட், டிக்ளைன், டினை, ஸ்பர்ன், ரிபியூடியேட் என ஐந்தாறு சொற்கள், எதிர்ச்சொல்லாக 'அக்செப்ட்'. தில்லி முகர்ஜி நகரிலும் ஐதராபாத் அசோக் நகரிலும் வாடகை அறைகளில் தங்கிப் பயிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் இவ்வரியை மனப்பாடம் செய்கின்றனர். சற்று அக்கறையுள்ள கையேடுகள், 'டிக்ளைன்' மென்மையானது, 'ஸ்பர்ன்' கடுமையானது என ஒரு குறிப்பைச் சேர்ப்பதுண்டு. அத்துடன் பாடம் முடிந்துவிடுகிறது.

இச்சொற்களிடையே உள்ள வேறுபாடு மென்மை, வன்மை பற்றியது அன்று என்பதே இப்பதிவின் வாதம். யார் யாரிடம் மறுக்க உரிமை பெற்றவர், ஒரு செயலின் எந்தக் கட்டத்தில் மறுக்கிறார், மறுத்தபின் அவருக்கு என்ன நேரும் என்பனவற்றையே இவ்வினைகள் தம்முள் அடக்கியுள்ளன. இந்தியாவின் கடந்த 170 ஆண்டுகால வரலாற்றில் சில வழக்குகளும் சில நாடுகளின் முடிவும் இந்த வினைகளுள் எது தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதனோடு பிணைந்திருக்கின்றன. பதிவு சற்று நீளம், நண்பர்கள் பொறுத்தருள்க.

முதலில் சொல்வரலாறு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்னரும் ஆங்கிலேயர் மறுத்துக்கொண்டுதான் இருந்தனர். பழைய ஆங்கிலத்தில் 'ஃபோர்சகன்', 'வித்சகன்', 'வியெர்னன்' முதலிய வினைகள் மறுத்தலைக் குறித்தன. இவற்றுள் 'ஃபோர்சகன்' இன்றைய 'ஃபர்சேக்' ஆகி, 'கைவிடுதல்' என்னும் பொருளுக்கு நகர்ந்துவிட்டது. 'வியெர்னன்' எச்சரித்தலைக் குறிக்கும் 'வார்ன்' என்பதனோடு ஒலியில் ஒன்றிப்போயிற்று. எச்சரிக்கை பிழைத்தது, மறுப்பு வழக்கொழிந்தது. காலியான அவ்விடத்தில் பிரெஞ்சு வழியாக வந்து அமர்ந்தவையே 'ரிஃபியூஸ்', 'டினை' ஆகியவை. 'ரிஜெக்ட்', 'ரிபியூடியேட்' ஆகியன பின்னர் இலத்தீன் கல்வியின் வழியே வந்தன.

இச்சொற்களின் வேர்களில் உடலசைவுகள் உறைந்துகிடக்கின்றன. 'ரிஃபியூஸ்' திருப்பி ஊற்றுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையோடு தொடர்புடையது. 'ரிஜெக்ட்' திருப்பி எறிதல். 'டிக்ளைன்' உடலை ஒருபுறமாகச் சாய்த்து விலகுதல். பழைய ஆங்கிலத்திலிருந்து தப்பிப் பிழைத்த 'ஸ்பர்ன்' காலால் உதைத்தல். 'ரிபியூடியேட்' மட்டும் சட்டத்தில் பிறந்தது. உரோமானியச் சட்டத்தில் மணவிலக்கைக் குறித்த 'ரெபுடியும்' என்பதிலிருந்து வந்த சொல் அது. 'ரிஃபியூஸ்' என்பதையே முதலசை அழுத்தத்துடன் 'ரெஃபியூஸ்' என ஒலித்தால் குப்பை என்று பொருள்படும். கொள்ளாது ஒதுக்கப்பட்டதன் பெயர் அது.

ஒருபொருட் பன்மொழி அகராதிகளின் மூலவரான பீட்டர் மார்க் ரோஜே 1852இல் வெளியிட்ட தம் நூலில் இவற்றை ஒரே கூடையில் போடவில்லை என்பதும் நினைவுகூரத்தக்கது. அவர் சொற்களை அகரவரிசைப்படி அடுக்காமல் கருத்துவரிசைப்படி அடுக்கினார். 'தெரிவு' என்பதற்கு எதிரில் 'ரிஜெக்‌ஷன்'; 'தர முன்வருதல்' என்பதற்கு எதிரில் 'ரெஃபியூசல்'. முன்னது ஒருவர் தம் மனத்துள் செய்யும் முடிவு. பின்னது இருவரிடையே நிகழ்வது. மருத்துவரான அவருக்குத் தெரிந்த இவ்வேறுபாட்டை நம் கையேடுகள் தொலைத்துவிட்டன.

ரோஜேயின் வகைப்பாட்டை மொழியியல் நடையில் முன்கருதல் எனக் கூறலாம். 'ரிஃபியூஸ்' என்றால் யாரோ ஒருவர் எதையோ தர முன்வந்திருக்க வேண்டும், அல்லது கேட்டிருக்க வேண்டும். 'ரிஜெக்ட்' என்றால் பரிசீலிக்கும் அதிகாரம் ஒருவரிடம் இருந்திருக்க வேண்டும். 'டினை' என்றால் ஒரு கூற்றோ உரிமைக் கோரிக்கையோ முன்னரே எழுந்திருக்க வேண்டும். 'ரினவுன்ஸ்' என்றால் பொருள் ஏற்கெனவே கைக்கு வந்திருக்க வேண்டும். தொடரமைப்பும் இதற்கேற்பவே மாறும். 'வர ரிஃபியூஸ் செய்தான்' என்பதும் 'வர டிக்ளைன் செய்தான்' என்பதும் ஆங்கிலத்தில் இயலும்; 'வர ரிஜெக்ட் செய்தான்' என்பது இயலாது.

இந்திய ஆங்கிலத்தில் 'ஹீ டினைட் டு கம்' என்ற தொடரை நாள்தோறும் கேட்கிறோம். இலக்கண ஆசிரியர்கள் இதனைப் பிழையென்று சிவப்பு மையால் அடிப்பர். காரணம் எளியது. இந்தி, உருது பேசுவோரின் 'இன்கார்' குற்றச்சாட்டை மறுப்பதற்கும் அழைப்பை மறுப்பதற்கும் பொதுவானது. தமிழிலும் அமைச்சர் செய்தியை 'மறுத்தார்', மாப்பிள்ளை வரதட்சணை வாங்க 'மறுத்தார்' என ஒரே வினைதான். நம் மொழிகள் இங்கே ஏழ்மையானவை என்பதன்று. அவை வேறுபாட்டை வேறிடத்தில் வைத்திருக்கின்றன. நன்னூல் விடைவகைகளை எட்டாகப் பகுக்கிறது. 'இது செய்வாயா?' என்று கேட்டால் 'செய்யேன்' என்பது மறை. 'நீயே செய்' என்பது ஏவல். 'உடம்பு நொந்தது' என்பது உற்றதுரைத்தல். 'உடம்பு நோகும்' என்பது உறுவது கூறல். இவற்றுள் ஒன்றுமட்டுமே வெளிப்படையான மறுப்பு. மற்றவற்றில் மறுப்பென்னும் சொல்லே வராது. ஆயினும் கேட்டவர் புரிந்துகொள்வார். மறுப்பை வினைச்சொல்லில் தேடாமல் விடையின் வடிவில் தேடிய மரபு நம்முடையது.

இடையே ஒரு சிறு விலகல். ஆங்கிலத்தில் காருக்கும் மறுக்கும் உரிமை உண்டு. 'தி கார் ரிஃபியூசஸ் டு ஸ்டார்ட்' என்பர். நாமோ 'வண்டி கிளம்ப மாட்டேங்குது' என்கிறோம். அதாவது 'மாட்டேன்' எனத் தன்மையொருமையில் வண்டியைப் பேசவைத்து, அதனை 'என்கிறது' என அஃறிணையில் முடிக்கிறோம். மறுப்பவர்க்கு, அது இயந்திரமேயாயினும், தன்மைக் குரலைத் தமிழ் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி ஆள்வோரின் வினைகளுக்கு வருவோம். உற்றதுரைத்தலைப் போன்றதொரு சுற்றுவழி விடை பிரித்தானிய நாடாளுமன்றத்திலும் உண்டு. சட்டமுன்வடிவுக்கு இசைவு தர விரும்பாத அரசர் 'மறுக்கிறேன்' என்று சொல்வதில்லை. 'அரசர் ஆலோசிப்பார்' என்று பொருள்படும் நார்மானியப் பிரெஞ்சுத் தொடர் ஒன்று அவர் சார்பில் வாசிக்கப்படும். இத்தொடர் கடைசியாகப் பயன்பட்டது 1708இல், ஆன் அரசியார் ஸ்காட்லாந்து மிலிஷியா முன்வடிவைத் தடுத்தபோது. ஆலோசனை அதன்பின் முடிவுறவே இல்லை.

இதனினும் நுட்பமான வினையைக் கிழக்கிந்தியக் கம்பெனி கையாண்டது. அரசர் ஆண்மகவின்றி இறந்தால், அவர் சுவீகாரம் எடுத்த மகனை ஆட்சி வாரிசாக ஏற்க டல்ஹவுசி பிரபு இசையவில்லை. சதாரா 1848இல் போயிற்று. ஜான்சியில் கங்காதர் ராவ் 1853 நவம்பரில் இறப்பதற்கு முதல்நாள் தாமோதர் ராவைச் சுவீகாரம் எடுத்தார். இராணி இலட்சுமிபாய் முறையீடுகள் அனுப்பினார். 1854இல் ஜான்சி இணைத்துக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு நாகபுரியும். இந்நடவடிக்கைக்கு அளிக்கப்பட்ட பெயரில் மறுப்பென்னும் சொல்லே இல்லை. 'டாக்ட்ரின் ஆஃப் லேப்ஸ்' என்றனர். 'லேப்ஸ்' என்பது வழுக்கி விழுதல், தானாக நழுவுதல். அதற்கு எழுவாய் நாடு, கம்பெனி அன்று. யாரும் பறிக்கவில்லை, நாடு தானே நழுவி மடியில் விழுந்தது என்பது இலக்கணம் சொல்லும் கதை. நம் பாடநூல்களும் 'வாரிசு இழப்புக் கொள்கை' என எழுதி, இழந்தவரையே பெயரில் நிறுத்திவிட்டன. 'வாரிசு மறுப்புக் கொள்கை' என்றிருப்பின் மறுத்தவர் யார் என்ற வினா வகுப்பறையிலேயே எழுந்திருக்கும்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 111ஆம், 200ஆம் உறுப்புகளில் உள்ள வினை 'வித்ஹோல்ட்'. பழைய ஆங்கிலக் கூறுகளால் ஆன சொல் இது; கொடுக்காமல் தன்பால் பிடித்து வைத்தல். பிடித்து வைத்தவர் நாளை விடக்கூடும் என்ற ஐயத்திற்கு இவ்வினை இடமளிக்கிறது. 1986இன் இந்திய அஞ்சலக (திருத்த) முன்வடிவை ஜெயில் சிங் இசைவளிக்கவுமில்லை, திருப்பி அனுப்பவுமில்லை, மௌனமாக வைத்திருந்தார். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டு ஆளுநர், 'வித்ஹோல்ட்' என்பது நிராகரிப்பையே நாகரிகமாகச் சொல்வது, அவ்வாறாயின் முன்வடிவு இறந்துவிட்டது என்பதே பொருள் என விளக்கினார். அவர் பேசியது குடிமைப் பணித் தேர்வர்களிடையே என்பது இப்பதிவின் தொடக்கத்தை நினைவூட்டுகிறது. ஒருபொருட் பன்மொழிப் பட்டியல் இவ்வாறுதான் அரசமைப்புக்குள் நுழைகிறது. அவ்வாண்டு நவம்பரில் பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறுவிதமாகப் பொருள்கொண்டது. ஆளுநர் இசைவை நிறுத்திவைப்பாராயின் முன்வடிவைச் சட்டப்பேரவைக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும். பிடித்து வைத்தலே முற்றுப்புள்ளி ஆகாது. 2025இலும் அந்நீதிமன்றம் இதே வினைக்குத் திரும்ப நேர்ந்தது.

ஆள்வோரின் மறுப்பு இவ்வாறு தன்னை மறைத்துக்கொள்ளுமாயின், ஆளப்படுவோரின் மறுப்பு வேறொரு சிக்கலைச் சந்திக்கிறது. அது மறுப்பாகவே கேட்கப்படுவதில்லை. இதற்கு ருக்மாபாய் வழக்கைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை என்பது என் கருத்து.

பம்பாயில் 1864இல் பிறந்த ருக்மாபாய்க்குப் பதினொன்றாம் வயதில் தாதாஜி பீக்காஜி என்பவருடன் மணம் நிகழ்ந்தது. அவர் கணவர் வீட்டுக்குச் செல்லாமல், தாயுடனும் மாற்றாந்தந்தையான மருத்துவர் சகாராம் அர்ஜுனுடனும் வாழ்ந்து படித்துவந்தார். 1884இல் தாதாஜி, மணவாழ்வு உரிமையை மீட்டளிக்கக் கோரி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். இந்து சாத்திரங்களில் இல்லாத வழக்குவகை இது. இங்கிலாந்துத் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து இங்கு வந்தது. அதே 1884இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இவ்வகைத் தீர்ப்பை மீறுவோரைச் சிறையிலடைக்கும் முறையை நீக்கியது. இந்தியாவின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் அம்முறை இருந்தபடியே இருந்தது.

1885 செப்டம்பரில் நீதிபதி பின்ஹே அளித்த தீர்ப்பு, மொழியியல் மாணவர்கள் ஒருமுறையேனும் வாசிக்கத்தக்கது. வழக்கின் பெயரே பிழையானது என்றார் அவர். 'ரெஸ்டிட்யூஷன்' என்பது இருந்ததை மீண்டும் நிறுவுதல். இருவரும் ஒருநாளும் சேர்ந்து வாழாதபோது மீண்டும் நிறுவுதற்கு என்ன இருக்கிறது? 're' என்னும் முன்னொட்டு இங்கே பொருந்தாது என்பதே அவர் வாதத்தின் சாரம். வழக்கைத் தள்ளினார். ஓர் ஈரெழுத்து முன்னொட்டு ஒரு பெண்ணின் விடுதலைக்குச் சில மாதங்கள் அரணாக நின்றது.

மேல்முறையீட்டில் 1886இல் அவ்வரண் தகர்ந்தது. மணம் சட்டப்படி முழுமையுற்றது; சேர்ந்து வாழ்ந்தமையும் வாழாமையும் பொருட்டல்ல என மறுவிசாரணைக்கு அனுப்பினர். 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், கணவரிடம் செல்ல வேண்டும், இன்றேல் ஆறு மாதம் வரை சிறை எனத் தீர்ப்பளித்தார். சிறையை ஏற்கிறேன், செல்ல மாட்டேன் என்பது ருக்மாபாயின் நிலைப்பாடு. அவருக்கு ஆதரவாகவும் எதிராகவும் நாடே பேசிற்று. திலகரின் இதழ்கள் எதிரணியில் நின்றன.

இவ்வழக்கை வினைச்சொற்களின் வழியே பார்க்கலாம். ருக்மாபாயின் வாதம், பதினொரு வயதில் தம் இசைவின்றி நிகழ்ந்த மணம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்பது. அதாவது அவர் செய்தது 'ரிஃபியூஸ்'. ஆனால் அவ்வினை, ஒன்று முன்வைக்கப்பட்டு உன் விருப்பம் என்ன என்று கேட்கப்பட்டிருத்தலை முன்கருதுகிறது. அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேள்வியில்லாத இடத்தில் விடை நிற்க இடமில்லை. மணத்தை முறித்தலைக் குறிக்கும் 'ரிபியூடியேட்' என்னும் வினை அக்கால இந்து மனைவிக்குக் கிட்டாதது. மணவிலக்கு அவருக்கு இல்லை. எஞ்சியது சட்டம் தன் விருப்பப்படி சூட்டிய பெயர்: கடமையிலிருந்து விலகல். அவர் வாயிலிருந்து மறுப்பாகப் புறப்பட்ட சொல் நீதிமன்றத்தின் செவியில் மீறலாகச் சென்றடைந்தது. 1888 ஜூலையில் தாதாஜி 2000 ரூபாய் பெற்றுக்கொண்டு உடன்பாட்டுக்கு இசைந்தார். ருக்மாபாய் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று, திரும்பிவந்து சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பணியாற்றினார். இந்துத் திருமணச் சட்டம் 1955இல், அவர் மறைந்த அதே ஆண்டில், இயற்றப்பட்டது. அதன் 9ஆம் பிரிவில் இவ்வழக்குவகை இன்றும் உள்ளது. அங்குள்ள வினை 'வித்ட்ரா', அதாவது துணையின் தோழமையிலிருந்து விலகிக்கொள்ளுதல். 1983இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாதென்றது. 1984இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

ஆளப்படுவோர் தம் மறுப்பு கேட்கப்படும்படியான சொல்லைத் தாமே ஆக்கிக்கொள்ள நேர்ந்த தருணம் அடுத்த நூற்றாண்டில் வந்தது. 1919 மே 31 அன்று, ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின், தாகூர் வைசிராய்க்கு எழுதிய கடிதத்தில் தமக்கு 1915இல் அளிக்கப்பட்ட நைட் பட்டத்திலிருந்து தம்மை விடுவிக்குமாறு கேட்டுக்கொண்டார். 'மறுத்தார்' என்று நாம் பொதுவாக எழுதுகிறோம். ஏற்றுக்கொண்டு நான்காண்டு ஆனதை மறுக்க இயலாது, துறக்கவே இயலும். அக்காலப் பொருத்தத்தைக் கவிஞரின் சொல்தேர்வு சரியாகக் காத்திருக்கிறது.

அவ்வாண்டு நவம்பரில் தில்லியில் கூடிய கிலாபத் மாநாட்டில் காந்தி வேறொரு சிக்கலில் இருந்தார். பிரித்தானியப் பொருள்களின் பகிஷ்காரத்தை மௌலானா ஹஸ்ரத் மொஹானி வலியுறுத்தினார். அதைவிட விரிந்த ஒரு செயலைக் காந்தி எண்ணினார். அதற்கு இந்தியிலோ உருதிலோ சொல் அகப்படவில்லை என்றும், ஆகவே 'நான்-கோஆப்பரேஷன்' என்னும் ஆங்கிலத் தொடரையே மேடையில் சொல்ல நேர்ந்தது என்றும் தம் தன்வரலாற்றில் அவர் பதிவு செய்திருக்கிறார். ஆங்கிலத்தில் மறுப்புக்குப் பத்து வினைகள் இருக்க, அவற்றுள் ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. எடுத்திருக்கவும் இயலாது. 'ரிஃபியூஸ்' என்றால் அரசு தருகிறது, நாம் கொள்ளவில்லை என்றாகும். 'ரிஜெக்ட்' என்றால் பரிசீலிக்கும் அதிகாரம் நம்மிடம் இருந்ததாகும். காந்தியின் சொல்லோ கொடுப்பவரை இடம் மாற்றுகிறது. ஆட்சிக்கு ஒத்துழைப்பைக் கொடுத்துக்கொண்டிருப்பவர் மக்கள். அதை அவர்கள் நிறுத்துகிறார்கள். முன்கருதலைத் தலைகீழாக்கிய சொல் அது. தமிழில் அது 'ஒத்துழையாமை' ஆனபோது 'நான்' என்ற முன்னொட்டும் தேவைப்படவில்லை. எதிர்மறை வினையடிக்குள்ளேயே அடங்கிவிட்டது.

குடியரசான பின்பும் சாதாரண மனிதரின் மறுப்புக்குச் சட்டத்தில் ஒரு விலை இருக்கிறது. நீதிமன்ற அழைப்பாணை பதிவஞ்சலில் வருகிறது. வாங்கினால் வம்பு என்றெண்ணி ஒருவர் வாங்க மறுக்கிறார். அஞ்சல்காரர் 'ரிஃபியூஸ்ட்' என்று உறைமேல் எழுதித் திருப்புகிறார். உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி அது சார்வு செய்யப்பட்டதாகவே கொள்ளப்படும். மறுத்ததே பெற்றுக்கொண்டதற்குச் சான்று. வழக்கு அவரில்லாமலே நடந்து முடியலாம்.

வாக்குச்சாவடிக்கு வருவோம். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 49-ஓ பிரிவு, வாக்களிக்க வந்து பின் 'வாக்களிப்பதில்லை என முடிவுசெய்யும்' வாக்காளரைப் பற்றியது. அவர் முடிவு 17-ஏ படிவத்தில் எழுதப்பட்டு, அவர் கையொப்பமோ கைரேகையோ பெறப்படும். சாவடியிலிருந்த அனைவர்க்கும் அவர் யாரென்று தெரிந்துவிடும். 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம், வாக்களிக்காமையின் இரகசியமும் காக்கப்பட வேண்டும் என்று கூறி 'நோட்டா' பொத்தானை வைக்க ஆணையிட்டது. மறுநாள் செய்தித்தாள்கள் இதனை 'ரைட் டு ரிஜெக்ட்' எனக் கொண்டாடின. தமிழிலும் 'நிராகரிக்கும் உரிமை' என்றே எழுதப்பட்டது. பொத்தானின் பெயரில் அவ்வினை இல்லை. 'இவர்களுள் எவருமிலர்' என்னும் வினையற்ற தொடர் அது. ஒரு நாடாளுமன்றத் தொகுதியில் நோட்டாவே மிகுதியான வாக்குப் பெற்றாலும், வேட்பாளர்களுள் அதிக வாக்குப் பெற்றவர் வென்றவராவார். 'ரிஜெக்ட்' என்னும் வினை தேர்தல் சட்டத்தில் இல்லாமலில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் அது உள்ளது. வேட்புமனுக்களைப் பரிசீலிக்கும் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு அங்கே அவ்வதிகாரம் அளிக்கப்பட்டிருக்கிறது.